எழுதப்பட்ட கைமணம்

 

உங்கள் இல்லத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ஏதேனும் ஓர் உணவின் செய்முறை எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? பெருநாள் காலையில் உங்கள் உம்மா செய்யும் வட்டலப்பத்திற்கு எத்தனை முட்டை, எவ்வளவு கருப்பட்டி, தேங்காயின் முதற்பால் எவ்வளவு என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதச் சொன்னால் உங்களால் எழுத முடியுமா? நம்மில் பெரும்பாலோரால் முடியாது. "உம்மாவைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்" என்போம். உம்மாவைக் கேட்டால், "அதற்கெல்லாம் அளவு ஏது? கண் திட்டம்தான். கைக்கே தெரியும்" என்பார்கள். அந்தக் கையும் ஒரு நாள் ஓய்ந்துவிடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓய்ந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் தமிழ்நாட்டின் அடுக்களைகளில் இன்றும் சமைத்துக்கொண்டிருக்கும் ஒரு கையைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அந்தக் கைக்கு உரியவர் எஸ். மீனாட்சி அம்மாள். அவர் எழுதிய நூலின் பெயர் 'சமைத்துப் பார்'. "அவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர், அவர் எழுதியதோ மரக்கறிச் சமையல். ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் மணக்கும் நம் வீடுகளுக்கு அவருடைய வரலாறு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். கட்டுரையை இறுதிவரை படியுங்கள். அதற்கான விடை உங்களுக்கே புலப்படும்.

அருள்புரத்து அடுக்களைகள்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரத்தை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். பனியன் கம்பெனிகளையும் சாயப் பட்டறைகளையும் நம்பி வந்தவர்களால் பெருகிய ஊர் அது. அங்குள்ள ஒரு லைன் வீட்டு வரிசையில் அடுத்தடுத்த கதவுகளைத் தட்டிப் பாருங்கள். ஒரு கதவைத் திறப்பவர் இராமநாதபுரத்துக்காரராக இருப்பார். அடுத்தவர் திருநெல்வேலியாக இருப்பார். அதற்கடுத்தவர் தேனியாக இருப்பார். பீகாரும் ஒடிசாவும் கூட அதே வரிசையில் குடியிருக்கும். கணவர் கட்டிங்கிலோ அயர்னிங்கிலோ இருப்பார். மனைவி செக்கிங்கிலோ கைமடியிலோ இருப்பார். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வீட்டில் நிதானமாக உலை கொதிக்கும்.

இத்தகைய வீடுகளில் மாமியார் இல்லை, நன்னி இல்லை, பக்கத்தில் நின்று, "போதும், இறக்கு" என்று சொல்ல ஒருவரும் இல்லை. திருமணமாகி வந்த இளம்பெண் சின்ன அடுப்பின் முன் தனியாக நிற்கிறாள். நோன்புக் கஞ்சிக்கு வெந்தயம் எவ்வளவு போடுவது என்று அவளுக்குத் தெரியாது. கைப்பேசியை எடுத்துத் தாயை அழைக்கிறாள். "கொஞ்சம் போடு" என்கிறார் தாய். "கொஞ்சம் என்றால் எவ்வளவு?" என்று மகள் கேட்கிறாள். தாயால் சொல்ல முடியவில்லை. அவருக்குத் தெரியாமல் இல்லை; நாற்பது ஆண்டுகளாக அவர் கை அறிந்து வைத்திருப்பதைச் சொல்லாக்க அவரை யாரும் ஒருபோதும் கேட்டதில்லை. விளைவு, கஞ்சி கசக்கிறது.

கேட்பதற்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். இதே நிலையில் 70, 75 ஆண்டுகளுக்கு முன் வேறொரு சமூகத்துப் பெண்கள் நின்றார்கள். அன்று கைப்பேசி கிடையாது. அவர்கள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களிலிருந்துதான் நம் நூலின் வரலாறு தொடங்குகிறது.

கடிதங்கள் நூலான கதை

மீனாட்சி அம்மாள் பிறந்தது 1905ஆம் ஆண்டு. இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கையில் ஒரு மகன். பேணிக் காக்க வேண்டிய குடும்பம். அக்காலத்தில் கணவரை இழந்த பெண்களுக்குச் சமூகம் ஒதுக்கி வைத்திருந்த இடம் மிகக் குறுகியது. நல்ல நாள், பெரிய நாளில் முன்னே வரக்கூடாது. ஆனால் விருந்துக்கான சமையலை மட்டும் பின்கட்டில் நின்று செய்து தர வேண்டும். பல வீடுகளில் அப்படிப்பட்ட பெண்களின் உழைப்பில்தான் பந்திகள் நிறைந்தன. உண்டவர்கள் சுவையைப் புகழ்ந்தார்கள். சமைத்தவரின் பெயரை எவரும் கேட்கவில்லை.

மீனாட்சி அம்மாளின் கைமணமும் உற்றார் உறவினரிடையே பேசப்பட்டது. உத்தியோகத்தின் பொருட்டுப் பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. கூட்டுக் குடும்பத்தில் பெரியவர்களின் நிழலில் வளர்ந்த பெண்கள், முன்பின் தெரியாத ஊரில், மொழி புரியாத அண்டை வீட்டாரிடையே தனிக்குடித்தனம் நடத்த வேண்டியவர்களானார்கள். அவர்கள் மீனாட்சி அம்மாளிடம் செய்முறை கேட்டார்கள். அவரும் சலிக்காமல் எழுதி அனுப்பினார். இப்படித் தனித்தனியே எழுதுவதைக் காட்டிலும் எல்லாவற்றையும் தொகுத்து ஒரு நூலாக்கினால் என்ன என்று உறவில் மூத்தவரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் அவரை ஊக்குவித்தார்.

சகோதரர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். வீட்டில் ஓர் ஆண், ஒரு பெண்ணின் அடுக்களை அறிவை 'இதுவும் அறிவுதான், இது அச்சேறத் தக்கது' என்று மதித்துச் சொன்ன சொல் அது. அந்த ஒரு சொல் இல்லாதிருந்தால் அந்தக் கடிதங்கள் பெட்டிகளின் அடியில் கிடந்து செல்லரித்துப் போயிருக்கும்.

1951ஆம் ஆண்டு 'சமைத்துப் பார்' வெளிவந்தது. பின்னர் மேலும் பாகங்கள் தொடர்ந்தன. அந்தப் பெயரைக் கவனியுங்கள். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. 'செய்து பார்த்தால்தான் உனக்குத் தெரியும்' என்று மிரட்டுகின்ற தொனி அதில் இருக்கிறது. மீனாட்சி அம்மாளின் நூற்பெயரிலோ அந்த மிரட்டல் இல்லை. பெரியவள் ஒருத்தி இளையவளின் தோளில் கை வைத்து, 'பயப்படாதே, செய்து பார், உனக்கும் வரும்' என்று சொல்வது போல இருக்கிறது.

அளவின் பெருமை

தமிழில் அதற்கு முன் சமையல் நூல்கள் இல்லாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே 'பாக சாஸ்திரம்' என்ற பெயரில் நூல்கள் அச்சாகியிருந்தன. ஆனால் அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் படிப்பவருக்கு ஓரளவு சமையல் தெரியும் என்று எண்ணிக்கொண்டே எழுதினார்கள். மீனாட்சி அம்மாள், படிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதினார். தேவையான பொருள்கள் எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு, முதலில் எதைச் செய்வது, அடுத்து எதைச் செய்வது என்று படிப்படியாகச் சொன்னார். கற்றுத் தருபவருக்கு இதைவிடப் பெரிய பண்பு வேறில்லை. தனக்கு எளிதாகிவிட்ட ஒன்று பிறருக்கு எவ்வளவு கடினம் என்பதை மறவாதிருப்பவரே நல்லாசிரியர்.

அவர் எழுதிய காலத்து அளவுகள் இன்று நம் பிள்ளைகளுக்குப் புதிராக இருக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அதாவது, ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. நிறுத்தலில் பத்து விராகனெடை ஒரு பலம். ஒரு பலம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 35 கிராம். நம் நாட்டில் மெட்ரிக் அளவுமுறைக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டு, 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கிராமும் லிட்டரும் கடைத்தெருவை ஆள 1960கள் ஆகிவிட்டன. பழைய அளவுகளில் எழுதப்பட்ட செய்முறைகளைப் பின்னாளில் புதிய அளவுகளுக்கு மாற்றிப் பதிப்பித்தார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அளவு எழுதப்பட்டிருந்ததால்தான் அதை மாற்றவும் முடிந்தது. 'ஒரு பலம் புளி' என்று எழுதியிருந்தால் அதை '35 கிராம்' என்று பெயர்க்கலாம். 'கொஞ்சம் புளி' என்பதை எந்த அளவுமுறைக்கும் பெயர்க்க இயலாது. அது சொன்னவரோடு போய்விடும்.

அடுப்பும் அப்படித்தான். அந்நூல் வெளிவந்த நாளில் விறகும் கரியும்தான் பெரும்பாலான வீடுகளின் எரிபொருள். ஈயச் சொம்பிலும் கல்சட்டியிலும் வெண்கலப் பானையிலும் சமைத்தார்கள். பிரஷர் குக்கர் இந்திய நிறுவனங்களின் பெயரில் வீடுகளுக்கு வரத் தொடங்கியதே 1959 அளவில்தான். விறகடுப்பு போய் கேஸ் வந்தது. அம்மி போய் மிக்ஸி வந்தது. இத்தனை மாறியும் அந்த நூலைப் பார்த்து இன்றும் சாம்பார் வைக்க முடிகிறது. பாத்திரமும் அடுப்பும் மாறலாம். பருப்புக்கும் புளிக்கும் உப்புக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. அந்த விகிதத்தைத்தான் அவர் காப்பாற்றித் தந்தார்.

கடல் கடந்த சீர்வரிசை

மீனாட்சி அம்மாள் 1962ஆம் ஆண்டு மறைந்தார். நூலோ அவருக்குப் பின் வளர்ந்தது. 1968இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வேறு இந்திய மொழிகளுக்கும் சென்றது. குடும்பத்தார் அதைத் தொடர்ந்து பதிப்பித்தார்கள். திருமணமாகிச் செல்லும் பெண்ணுக்குப் பாத்திர பண்டங்களோடு இந்த நூலையும் வைத்துக் கொடுப்பது பல குடும்பங்களில் வழக்கமாயிற்று. மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலும் விமானமும் ஏறிய இளைஞர்களின் பெட்டியிலும் அது இடம் பிடித்தது. கரண்டி பிடித்து அறியாத ஆண்களும் அயல்நாட்டு அறைகளில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு ரசம் வைக்கக் கற்றார்கள்.

2001ஆம் ஆண்டு, பெங்குவின் என்னும் பெரிய பதிப்பகத்தின் வழியாக அந்நூலின் தேர்ந்தெடுத்த பகுதிகள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. அதன் துணைத்தலைப்பு, அது தமிழ்ச் சமையலின் செவ்வியல் வழிகாட்டி என்று பொருள்பட அமைந்தது. நான் உங்களிடம் சொல்ல விரும்பும் செய்தி இந்தத் துணைத்தலைப்பில்தான் இருக்கிறது.

எழுதியவர் சமையலே ஊர்ச் சமையலாகும்

'சமைத்துப் பார்' நூலில் இருப்பது தமிழ்ப் பிராமணக் குடும்பங்களின் மரக்கறிச் சமையல். தமிழ்நாட்டில் எத்தனையோ சமையல்கள் உண்டு. கொங்கு நாட்டு அரிசியும் பருப்பும் உண்டு. செட்டிநாட்டுச் சமையல் உண்டு. நெல்லைச் சீமையின் சொதி உண்டு. கடற்கரையின் மீன்குழம்பு உண்டு. ராவுத்தர் வீட்டுப் பிரியாணியும் குறுமாவும் உண்டு. காயல்பட்டினத்தின் களறிச் சாப்பாடு, கீழக்கரையின் தொதல், நாகூரின் வாடா, ஆம்பூர் வாணியம்பாடிப் பிரியாணி என்று நம் சமுதாயத்தின் பட்டியலே ஒரு பக்கத்தை நிறைக்கும். அப்படியிருக்க, ஒரு சமூகத்தின் அடுக்களை உலகின் முன் 'தமிழ்ச் சமையல்' என்ற பெயரோடு எப்படிப் போய் நின்றது?

அது எழுதப்பட்டிருந்தது. காரணம் அதுதான்.

இதில் மீனாட்சி அம்மாள் மீது குறை சொல்ல ஏதுமில்லை. பிறர் சமையலை அவர் மறைக்கவில்லை. தம் வீட்டில் தாம் அறிந்ததை நேர்மையாக எழுதினார். எழுதாமல் விட்டவர்கள் நாம். நம் வீட்டுப் பெண்களும் அவருக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்கி, ஒரு பருக்கை குழையாமல் இறக்கிய கைகள் நம் தெருக்கள்தோறும் இருந்தன. அவர்களுடைய பெயர்கள் எங்கே? அவர்கள் அறிந்திருந்த அளவுகள் எங்கே? மையித்தோடு சேர்ந்து அவையும் அடங்கிவிட்டன.

'சமையலை எழுதுவதா? அது என்ன பெரிய கல்வியா?' என்று எண்ணுவோருக்கு நம்முடைய வரலாற்றையே எடுத்துக்காட்டலாம். 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சய்யார் அல் வர்ராக் என்பவர் 'கிதாபுத் தபீக்' என்ற பெரிய சமையல் நூலைத் தொகுத்தார். அதே பக்தாதில் கி.பி. 1226இல் முஹம்மத் இப்னுல் ஹஸன் அல் பக்தாதி அதே பெயரில் மற்றொரு நூலை எழுதினார். மனிதர்க்குரிய இன்பங்களை ஆறாகப் பிரித்து, அவற்றுள் உணவுக்கே முதலிடம் தந்தவர் அவர். நம் இந்தியாவில், 1500ஆம் ஆண்டை ஒட்டி, மாளவ நாட்டின் மாண்டு நகரில் சுல்தான் கியாத் ஷாவின் அரண்மனையில் 'நிஃமத் நாமா' என்ற சமையல் ஏடு வண்ண ஓவியங்களோடு உருவாயிற்று. சமோசா செய்யும் முறைகளும் அதில் உண்டு. அந்த ஏடு இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இப்னு சய்யாரின் காலத்துச் சட்டிகளும் அடுப்புகளும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. எழுதிய தாள்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த நூல்கள் கலீஃபாக்களின், சுல்தான்களின், செல்வந்தரின் உணவைப் பேசியவை, எழுதியவர்கள் ஆண்கள். மீனாட்சி அம்மாள் எழுதியதோ அரண்மனைக்கு அன்று. மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் ஒரு பெண், நாளை காலை என்ன குழம்பு வைப்பது என்று யோசிக்கும்போது எடுத்துப் பார்க்க எழுதினார். அருள்புரத்து லைன் வீட்டுக்கு அரண்மனை நூல் உதவாது. இத்தகைய நூல்தான் உதவும்.

நம்மிலும் விழித்தவர் உண்டு

நம் சமுதாயத்தில் ஒருவருமே எழுதவில்லை என்று சொன்னால் அது நன்றி மறந்த பேச்சாகிவிடும். மலபாரில் பிறந்து சென்னையில் வாழ்ந்த உம்மி அப்துல்லாஹ் என்னும் பெண்மணி, மாப்பிள்ளை முஸ்லிம்களின் சமையலை ஆங்கிலத்தில் நூலாக்கினார். ஓரியண்ட் லாங்மன் பதிப்பகம் அதை வெளியிட்டது. வைக்கம் முஹம்மது பஷீரின் கதைகளை ஆங்கிலத்தில் தந்த வி. அப்துல்லாஹ் அவருடைய கணவர். கணவர் பஷீரின் கதைகளை மொழிபெயர்த்தார்; மனைவி பத்திரியையும் நெய்ச்சோற்றையும் முட்டமாலையையும் எழுத்தில் பெயர்த்தார். இரண்டும் இலக்கியப் பணிகளே என்று நான் கருதுகிறேன். மலபார் உணவு என்றால் இன்று பெரிய ஓட்டல்களிலும் மதிப்போடு பேசப்படுகிறதென்றால், அதற்கு அவரைப் போன்றவர்களின் எழுத்தும் ஒரு காரணம்.

தமிழ் ராவுத்தர் குடும்பங்களின் சமையலை ஹஸீனா செய்யது ஆங்கிலத்தில் ஒரு நூலாகத் தந்திருக்கிறார். பாராட்டுக்குரிய முயற்சி. ஆனால் இவை கைவிரல்விட்டு எண்ணத்தக்கவை. பல்லடத்திலும் தாராபுரத்திலும் பள்ளபட்டியிலும் ஒரே பெயருள்ள உணவு மூன்று விதமாக ஆக்கப்படுகிறது. கீழக்கரைக்கும் காயலுக்கும் கைப்பக்குவம் வேறு. ஒரு நூலோ இரண்டு நூலோ இவ்வளவையும் தாங்கா. ஒவ்வொரு வீடும் எழுத வேண்டும்.

'இப்போதுதான் கைப்பேசியில் ஆயிரம் சமையல் காட்சிகள் கொட்டிக் கிடக்கின்றனவே' என்பீர்கள். கொட்டிக் கிடப்பது உண்மை. ஆனால் அவை யாரோ ஒருவர் வீட்டுச் சமையல். ஊரார் பிரியாணியைப் பார்த்து நம் பிள்ளைகள் நன்றாகவே பிரியாணி செய்யக் கற்றுக்கொள்வார்கள். நம் நன்னியின் பிரியாணியை மட்டும் எவராலும் செய்ய இயலாது. எல்லாருடைய நாவும் ஒரே சுவைக்குப் பழகிவிட்ட பின், இழந்தது என்ன என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டும், ஒரு பேனாவும், ஒரு சின்னத் தராசும் போதும்.

ஒன்று: உம்மாவிடமோ நன்னியிடமோ மாமியிடமோ போய், "செய்முறையைச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். கேட்டால் 'கொஞ்சம்' என்றுதான் விடை வரும். அவர்கள் சமைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் கையில் அள்ளியதைச் சட்டியில் போடுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் வாங்கி நிறுத்துப் பாருங்கள். 'கொஞ்சம்' எத்தனை கிராம் என்பது அப்போது தெரிந்துவிடும். அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு: எத்தனை பேருக்கு ஆக்கியது, எந்தப் பாத்திரத்தில் ஆக்கியது என்பதைத் தவறாமல் குறியுங்கள். நூறு பேருக்கான தேக்சாக் கணக்கை நான்காக வகுத்தால் இருபத்தைந்து பேருக்குச் சரியாக வரும் என்று நம்ப வேண்டாம். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஆவியாவது வேறு. ஒடுங்கிய குக்கரில் வேறு. அரிசி எது என்பதையும் எழுதுங்கள். சீரகச் சம்பாவுக்கு வைக்கும் தண்ணீர் பாஸ்மதிக்கு ஒத்துவராது.

மூன்று: மணி பார்த்து நேரத்தைக் குறிப்பதோடு நில்லாமல் பதத்தையும் எழுதுங்கள். 'வெங்காயம் பொன்னிறமாகும் வரை', 'எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை', 'இஞ்சி பூண்டின் பச்சை வாடை போகும் வரை' என்பவைதான் உண்மையான கடிகாரங்கள். வட்டலப்பம் போன்றவற்றில் தீயின் அளவு இன்னும் முக்கியம். நெருப்பு மிஞ்சினால் முட்டை திரிந்து ஓட்டை ஓட்டையாகிவிடும். இப்படி எங்கே தவறும் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். செய்முறையின் பாதி அதுதான்.

நான்கு: எழுதியதைப் பார்த்து, சமைத்தே அறியாத ஒரு பிள்ளையைச் சமைக்கச் சொல்லுங்கள். மகளை மட்டுமன்று, மகனையும் சொல்லுங்கள். சென்னையிலோ துபாயிலோ தனியறையில் இருக்கப் போகிறவன் அவனும்தான். அவன் எந்த இடத்தில் தடுமாறி, 'இது என்ன?' என்று கேட்கிறானோ, அந்த இடத்தில் உங்கள் எழுத்தில் குறை இருக்கிறது என்று பொருள். திருத்திக்கொள்ளுங்கள்.

ஐந்து: இதை மறக்கவே கூடாது. செய்முறையின் மேலே அதை ஆக்கியவரின் பெயரை எழுதுங்கள். ஊரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். 'வட்டலப்பம்' என்று மட்டும் எழுதினால் அது ஓர் உணவு. உங்கள் நன்னியின் பெயரோடு எழுதினால் அது ஒரு வாழ்க்கை. பின்கட்டில் நின்று பந்திக்கு ஆக்கிப் போட்ட எத்தனையோ பெண்களின் பெயர்கள் மறைந்த நாட்டில், மீனாட்சி அம்மாளின் பெயர் நிலைத்ததற்குக் காரணம், அது நூலின் அட்டையில் அச்சாகியிருந்ததே.

கணவரை இழந்து அடுக்களையே உலகம் என்று ஆகிவிட்ட சகோதரிகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். வீட்டோடு இடியப்பம் பிழிந்து விற்றும், விசேஷ வீடுகளுக்கு நெய்ச்சோறு ஆக்கிக் கொடுத்தும் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் சோறு வாங்கிச் சாப்பிட நமக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களிடம் அறிவு இருக்கிறது என்று சொல்ல இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. படித்த பிள்ளைகள் அவர்கள் அருகில் நோட்டோடு போய் உட்காருங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழுதிய நோட்டில் ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். வாழ்நாளெல்லாம் செய்த வேலை தம் பெயரோடு எழுத்தில் இருப்பதைப் பார்க்கும் அந்த முகத்தை நீங்கள் மறக்க மாட்டீர்கள்.

மீனாட்சி அம்மாளின் வரலாறு நமக்கு எதற்கு என்ற கேள்விக்கு இப்போது விடை கிடைத்திருக்கும். அவரிடமிருந்து நாம் சாம்பார் வைக்கக் கற்கலாம், கற்றால் நல்லதே. அதைக் காட்டிலும் முதன்மையாகக் கற்க வேண்டியது, தனக்குத் தெரிந்ததைத் தனக்குப் பின் வருபவளுக்கு எழுதி வைக்கும் பெருந்தன்மையை.

நோன்பு வருவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியை எழுதுங்கள். வெந்தயம் எத்தனை கிராம் என்பதை மறவாமல் எழுதுங்கள். வஸ்ஸலாம்.